போராட்டப் படத்தைப் படிப்பது எப்படி? கேமரா நின்ற இடத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திருநெல்வேலியின் கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் போய் நின்றால், போராட்டப் படம் ஒன்று எப்படிப் பிறக்கிறது என்பதை எவரும் கண்ணாரப் பார்க்கலாம். மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் ஊர் ஊராக வேனிலும் பேருந்திலும் வந்து இறங்குவார்கள். குடிநீர் வராத ஊர்ப் பெண்கள் இடுப்பில் காலிக்குடத்தோடு வருவார்கள். பட்டா கேட்டு அலுத்துப்போனவர், ஆண்டுக்கணக்கில் தாம் கொடுத்த மனுக்களின் நகல்களை மாலையாகக் கோத்துக் கழுத்தில் அணிந்து வருவார். மர நிழலில் காத்திருக்கும் புகைப்படக்காரர்களில் ஒருவர் எழுந்து வந்து, "அக்கா, குடத்தைக் கொஞ்சம் மேல தூக்குங்க, முகம் தெரியட்டும்" என்பார். குடங்கள் உயரும், கோஷம் எழும், நாலைந்து முறை கேமரா சொடுக்கும், ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதன் பிறகு அதே பெண்கள் மனுவைப் பதிவு செய்ய வரிசையில் நின்று, வெயிலேறும் வரை காத்திருந்து, முத்திரை குத்திய ரசீதோடு ஊர் திரும்புவதை யாரும் படம் எடுப்பதில்லை.

அந்த ஐந்து நிமிடத்துக்கும் மீதி நாளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கக் கற்றுக்கொள்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம். இதை எழுதுபவன் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கங்களை வடிவமைக்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். ஆகவே கூண்டுக்கு வெளியே நின்று குற்றம் சாட்டும் உரிமை எனக்கு இல்லை. ஒரு முறை நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடிநீர் கேட்டுச் சாலை மறியல் நடந்தபோது, நிருபர் மூன்று படங்களை அனுப்பியிருந்தார். முதலாவதில் பெண்கள் குடங்களைச் சாலையின் குறுக்கே அடுக்கி வைத்து, அவற்றின் பின்னால் அமர்ந்திருந்தார்கள். இரண்டாவதில் வட்டாட்சியர் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவதில், மறியலில் சிக்கி நின்றுபோன பேருந்தின் ஜன்னலோரத்தில் கைக்குழந்தையுடன் ஒரு தாய் வாடிய முகத்தோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் என்ற அளவில் மூன்றாவதே சிறந்தது. ஒளியும் முகமும் உணர்ச்சியும் ஒன்றுகூடி வந்திருந்தன. அதையே மூன்று பத்தி அகலத்துக்குப் போட்டேன். செய்தியில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா நாளிதழை என் மேசையில் விரித்துப் போட்டு, "அண்ணாச்சி, பத்து நாளாத் தண்ணி இல்லாமக் கெடந்தது நாங்க. பேப்பர்ல பாவமா இருக்கது பஸ்ஸுல வந்தவுகல்லா?" என்று கேட்டார். செய்தி முழுவதும் அவர்கள் பக்கம்தான் இருந்தது; படம் மட்டும் பேருந்துக்காரர்கள் பக்கம் இருந்தது; ஊர் பார்த்தது படத்தைத்தான்.

கீழே வரும் படிகளை வரிசை மாறாமல் செய்வது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் கேள்விகளுக்கான விடைகள் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளிலேயே கிடைத்துவிடும்.

முதற்படி: படக்குறிப்பை மறைத்துக்கொள்ளுங்கள்

நாளிதழ் என்றால் படத்தின் கீழுள்ள வரியையும் தலைப்பையும் கையால் மறையுங்கள். கைப்பேசி என்றால் படத்தை மட்டும் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தாளில், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். 'போலீசார் கலவரக்காரர்களை விரட்டுகின்றனர்' என்பது கண்ணுக்குத் தெரிவதன்று. 'சீருடை அணிந்த நால்வர் லத்தியோடு ஓடுகிறார்கள், அவர்களுக்கு முன்னால் கைலி கட்டிய இருவர் ஓடுகிறார்கள்' என்பதே தெரிவது. முதல் வாக்கியத்தில் உள்ள 'கலவரக்காரர்' படத்தில் இல்லை. அது நம் மனத்திலிருந்தோ படக்குறிப்பிலிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தப் பயிற்சி எளிதாகத் தோன்றினாலும், உலகப் புகழ்பெற்ற படங்களிலேயே பலர் இதில் வழுக்கியிருக்கிறார்கள். 1963 மே 3 அன்று அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில், காவலர் ஒருவர் பிடித்திருந்த நாய் கறுப்பின மாணவர் ஒருவரின் வயிற்றை நோக்கிப் பாய்வதை அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் பில் ஹட்சன் எடுத்தார். மறுநாள் அது நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதற்பக்கத்தில் வந்தது. இனப்பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் போன அஞ்சா நெஞ்சனாகவே அந்த மாணவரை உலகம் பார்த்தது. உண்மையில் அவர் ஊர்வலத்தில் வந்தவரல்லர், வேடிக்கை பார்க்க வந்து நின்றவர். அந்தப் படம் பொய்யன்று. நாயும் உண்மை, காவலரும் உண்மை, அந்த நகரத்தில் நடந்த கொடுமையும் உண்மை. பார்த்தவர்கள் அந்த இளைஞருக்குக் கொடுத்த பாத்திரம் மட்டுமே படத்துக்கு வெளியிலிருந்து வந்தது.

இரண்டாம் படி: கேமரா எங்கே நின்றது என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். படம் யாரை எடுத்தது என்பதைவிட, யார் பக்கத்தில் நின்று எடுத்தது என்பதே பார்ப்பவரின் மனத்தை முதலில் திருப்புகிறது.

கூடங்குளத்தை அடுத்த கடற்கரை ஊரான இடிந்தகரையை எடுத்துக்கொள்வோம். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் எரிபொருள் நிரப்பும் பணி நெருங்கியிருந்த வேளையில், 2012 செப்டம்பர் 9 அன்று மக்கள் கடற்கரை வழியாக அணுமின் நிலையத்தை நோக்கி நடந்து, தடுத்து நிறுத்தப்பட்ட இடத்திலேயே மணலில் இரவைக் கழித்தார்கள். மறுநாள் 10 ஆம் தேதி காவல்துறை கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசிக் கூட்டத்தைக் கலைத்தது. ஒரு பக்கம் காவலர் வரிசை, மறுபக்கம் அலை என்ற நிலையில் பலர் கடலுக்குள் இறங்கினார்கள். இந்த இடத்தின் அமைப்பை மனத்தில் வரைந்து பாருங்கள். காவலர் வரிசைக்குப் பின்னால் நின்று எடுத்த படத்தில், நமக்கு அருகே கேடயங்களும் முதுகுகளும் தெரியும். தொலைவில் கூட்டம் முகமில்லாத ஒரு திரளாகத் தெரியும். அந்தப் படத்தைப் பார்ப்பவர் தம்மை அறியாமலே கேடயத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். எதிரே வருவது எதுவோ அதுவே அவருக்கு ஆபத்தாகத் தோன்றுகிறது. மணலில் பெண்களுக்கு நடுவே நின்று எடுத்த படத்தில் எல்லாம் தலைகீழாகும்: பக்கத்தில் இருப்பவை முகங்கள், எதிரே வருபவை தலைக்கவசங்கள். நிகழ்ச்சி ஒன்றுதான், நிமிடமும் ஒன்றுதான். கேமரா ஐம்பது அடி நகர்ந்தாலே அச்சம் இடம் மாறிவிடுகிறது.

புகைப்படக்காரர்கள் ஏன் காவலர் வரிசைக்குப் பின்னாலேயே பெரும்பாலும் நிற்கிறார்கள் என்பதற்கு உள்நோக்கம் தேடிப் போக வேண்டியதில்லை. கல் பறக்கும்போது அங்கேதான் தலை தப்பும். அங்கேதான் வண்டி நிற்கும். தடுப்பைத் தாண்டி உள்ளே போக அங்கேதான் அனுமதி கிடைக்கும். திருநெல்வேலியிலிருந்து காலையில் கிளம்பிப் போய், மாலைப் பதிப்பு முடிவதற்குள் படத்தை அனுப்பியாக வேண்டியவர், கடற்கரை ஊருக்குள் போய் மாட்டிக்கொள்ளத் தயங்குவது இயல்பே. ஆனால் காரணம் நியாயமானது என்பதால் விளைவு மாறிவிடாது.

ஒரே நிகழ்ச்சி கேமராவின் இடத்தால் எவ்வளவு மாறும் என்பதற்குப் பெய்ஜிங்கைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தியானென்மென் சதுக்கப் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கிய மறுநாள், 1989 ஜூன் 5 அன்று, டாங்கி வரிசையை மறித்து நின்ற தனி மனிதரை ஜெஃப் வைட்னர், சார்லி கோல், ஸ்டூவர்ட் ஃபிராங்க்ளின், சாங் ஹின் வா ஆகிய நால்வர் விடுதி மாடியின் உயரத்திலிருந்து எடுத்தார்கள். அந்த உயரத்தில் சாலை வெறுமையாகத் தெரிகிறது. இரும்பும் ஒரு மனிதரும் தவிர வேறெதுவும் இல்லை. ஆகவே அது ஓர் உருவகமாகவே மாறி நின்றுவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து 2009 இல், டெரில் ஜோன்ஸ் என்ற செய்தியாளர் அதே பொழுதில் தரைமட்டத்தில் நின்று எடுத்த படத்தை வெளியிட்டார். அதில் அருகே ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிறார்கள். டாங்கிகள் இன்னும் தொலைவில் வந்துகொண்டிருக்கின்றன. அந்த மனிதர் ஓரத்தில் சிறியதாக, ஆனால் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவராக நிற்கிறார். மாடியிலிருந்து பார்த்தது துணிச்சலைக் காட்டியது. தரையிலிருந்து பார்த்தது அந்தத் துணிச்சலைச் சூழ்ந்திருந்த பயத்தையும் சேர்த்துக் காட்டியது.

கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று குறிகள் போதும். நமக்கு அருகில் இருப்பவர்களின் முகம் தெரிகிறதா, முதுகு தெரிகிறதா என்று பாருங்கள். அடிவானக் கோடு ஆட்களின் இடுப்புக்கு நேராக இருந்தால் தாழ நின்று எடுத்தது, தலைக்கு மேலே இருந்தால் உயரத்திலிருந்து எடுத்தது. தாழ நின்று எடுத்தால் லத்தி பிடித்த காவலரும் அரிவாள் பிடித்த இளைஞரும் மலைபோல் தெரிவார்கள், உயரத்திலிருந்து எடுத்தால் இருவருமே சிறுத்துப்போவார்கள். கடைசியாக, படத்தில் உள்ளவர்களில் எவராவது கேமராவையே பார்க்கிறார்களா என்று தேடுங்கள். பார்த்தால், கேமரா அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியும் என்பதும், அதற்கேற்ப அவர்கள் நடந்துகொண்டிருக்கலாம் என்பதும் பொருள்.

மூன்றாம் படி: கூட்டத்தை எண்ணுங்கள், நம்பாதீர்கள்

தூரத்தில் உள்ளதை அருகே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸால் தொலைவிலிருந்து எடுத்தால், இருபது அடி இடைவெளி விட்டு நடக்கும் ஆட்களும் ஒருவர் தோளில் ஒருவர் உரசுவதுபோல் தெரிவார்கள். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 இல், டென்மார்க் நாட்டின் செய்திப்பட நிறுவனம் ஒன்றின் புகைப்படக்காரர்கள் ஒரே வரிசையை இரண்டு லென்ஸ்களால் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒன்றில் மக்கள் கட்டுப்பாடில்லாமல் நெருங்கி நின்றார்கள், மற்றொன்றில் ஒழுங்காக விலகி நின்றார்கள். ஊர்வலப் படங்களில் இது நாள்தோறும் நடக்கிறது. முந்நூறு பேர் வந்த கண்டன ஆர்ப்பாட்டம் டெலி லென்ஸில் கடலாகும். மூவாயிரம் பேர் வந்த கூட்டத்தை ஓரமாக நின்று, அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸில் எடுத்தால் காலி நாற்காலிகள்தான் முன்னால் வந்து நிற்கும்.

எண்ணுவதற்கு எளிய வழி உண்டு. 1960களில் பெர்க்லியில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், தம் அலுவலக ஜன்னல் வழியே மாணவர் போராட்டங்களைப் பார்த்து வகுத்த கணக்கு அது. தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்குப் பத்துச் சதுர அடியும், நெருக்கமாக நிற்கும் கூட்டத்தில் நாலரைச் சதுர அடியும் வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பதடி அகலமுள்ள சாலையில் முந்நூறடி நீளத்துக்குக் கூட்டம் நிற்கிறது என்றால் பரப்பு 12,000 சதுர அடி; தளர்வாக நின்றால் 1,200 பேர், நெருக்கி நின்றால் ஏறக்குறைய 2,650 பேர். மேடையிலிருந்து 'பத்தாயிரம் பேர் திரண்டிருக்கிறோம்' என்று முழங்கினாலும், காவல்துறைக் குறிப்பு 'சுமார் ஐந்நூறு பேர்' என்று சொன்னாலும், உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

நான்காம் படி: அது நாளின் எந்த நிமிடம்?

நூறு நாள் நடந்த போராட்டத்துக்கும் ஒரு படம், ஒரு மணி நேரக் கைகலப்புக்கும் ஒரு படம் என்றால், கைகலப்புதான் வெல்லும். இது ஏன் என்பதை 1968 அக்டோபர் 27 அன்று லண்டனில் நடந்த வியட்நாம் போர் எதிர்ப்புப் பேரணியை வைத்து ஆராய்ந்தவர்கள் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாலோரன், பிலிப் எலியட், கிரஹாம் மர்டாக் ஆகியோர். வன்முறை வெடிக்கும் என்று பத்திரிகைகள் வாரக்கணக்கில் முன்கூட்டியே எழுதியிருந்தன. பல்லாயிரம் பேர் அமைதியாக நடந்துபோனார்கள். பிரிந்துபோன ஒரு சிறு பகுதியினர் அமெரிக்கத் தூதரகம் இருந்த சதுக்கத்தில் காவலர்களோடு மோதினார்கள். மறுநாள் முதற்பக்கங்களில் வந்தது, காவலர் ஒருவரை உதைக்கும் படம். எதிர்பார்த்துக்கொண்டிருந்தது கிடைத்தவுடன், எதிர்பாராத அமைதி செய்தியாக இல்லாமல் போயிற்று.

நம் பக்கத்திலும் இதே கணக்குதான். 1986 வரை நெல்லை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்த தூத்துக்குடியில், 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் நடந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். முந்தைய தொண்ணூற்றொன்பது நாளும் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களின் படம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? எரியும் வாகனங்களின் படமும் உண்மையே. மஞ்சள் சட்டை அணிந்த காவலர் வாகனத்தின் மேல் துப்பாக்கியோடு நின்ற காட்சியும் உண்மையே. எந்தப் படம் முதலில் கண்ணில் பட்டதோ அதைப் பொறுத்தே பலருடைய கருத்தும் அமைந்தது. இரண்டாவது படம் வந்தபோது அதை முதலாவதற்கு விளக்கமாகவே வாசித்தார்கள். அந்த நாட்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையச் சேவை நிறுத்தப்பட்டதால், பக்கத்து ஊரில் நடந்ததை நாங்களே வெளியூர்க்காரர்களுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டறிய வேண்டியிருந்தது. படம் வராத வேளையையும் படிக்கப் பழக வேண்டும். அங்கே எதுவும் நடக்கவில்லை என்பது அதன் பொருளன்று.

காணொளியும் இந்தக் கேள்விக்குத் தப்பியதன்று. 2020 நவம்பரில் டெல்லி எல்லையில் முதிய சீக்கிய விவசாயி ஒருவர்மீது காவலர் தடியை ஓங்கும் படத்தை, பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தின் ரவி சௌத்ரி எடுத்தார். ஆளும் பாரதிய ஜனதா கட்சியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர், தடி அவர்மேல் படவே இல்லை என்று காட்ட ஒரு சிறு காணொளித் துண்டை வெளியிட்டார். அது வெட்டிச் சுருக்கப்பட்டது என்பதால், மாற்றத்துக்குள்ளான பதிவு என்று ட்விட்டர் நிறுவனம் அதன்மேல் முத்திரை குத்தியது. படம் ஒரு நொடியை வெட்டி எடுக்கிறது, காணொளி பத்து நொடியை வெட்டி எடுக்கிறது. வெட்டு இரண்டிலும் உண்டு.

ஐந்தாம் படி: ஓரங்களைப் பாருங்கள்

பக்கத்தில் இடம் இல்லையென்றால் படத்தின் ஓரம்தான் முதலில் வெட்டுப்படும். அதில் தண்ணீர் கொடுத்த காவலரும் போகலாம், கல்லெடுத்த இளைஞரும் போகலாம். வெட்டுபவர் பெரும்பாலும் பத்தியின் அளவைத்தான் பார்க்கிறார், அரசியலைப் பார்ப்பதில்லை என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். பாதி வெட்டுப்பட்ட கையோ கொடியோ ஓரத்தில் தெரிந்தால், அந்தக் கை யாருடையது என்று கேளுங்கள். அழகுக்காகவும் வெட்டு விழும்: 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சுடப்பட்ட மாணவரின் அருகே மண்டியிட்டு அலறும் பெண்ணை ஜான் ஃபைலோ எடுத்த படத்தில், அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால் ஒரு வேலிக்கம்பம் நிற்கும், பிற்காலத்தில் அச்சான பிரதிகள் சிலவற்றில் அந்தக் கம்பத்தை அழித்துவிட்டிருந்தார்கள். பொருள் மாறவில்லை, ஆனால் படத்தில் கை வைக்கலாம் என்ற துணிச்சல் அங்கே தொடங்குகிறது.

ஆறாம் படி: இப்போது படக்குறிப்பைத் திறந்து, வினைச்சொல்லைப் பிடியுங்கள்

முதற்படியில் நீங்கள் எழுதியதையும் படக்குறிப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களே அதிகம் வேலை செய்கின்றன.

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலம் இதே கொக்கிரகுளத்துக்கு வந்தது. தடியடியில் சிதறிய மக்கள் தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 பேர் உயிரிழந்தார்கள். அந்த நாளின் படங்களை வைத்துக்கொண்டு, 'ஆற்றில் குதித்தனர்', 'ஆற்றில் விழுந்தனர்', 'ஆற்றுக்குள் விரட்டப்பட்டனர்', 'ஆற்றில் மூழ்கி இறந்தனர்' என்று நான்கு விதமாக எழுதிப் பாருங்கள். முதல் சொல்லில் பொறுப்பு குதித்தவர் தலையில் விழுகிறது. இரண்டாவதில் யார் தலையிலும் விழவில்லை. மூன்றாவதில் காவல்துறைமேல் விழுகிறது. நான்காவதில் ஆறே குற்றவாளியாகிவிடுகிறது. படம் ஒன்றேதான். நீதிபதி மோகன் ஆணையத்தின் விசாரணையிலும் அதற்குப் பின்னும், சண்டை பெரும்பாலும் இந்த வினைச்சொல்லைச் சுற்றியே நடந்தது. ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று ஆற்றில் மலர் தூவ வருபவர்களுக்கு அந்தச் சொல் எது என்பதில் ஐயம் இல்லை.

படமே இல்லாமல் சொல் மட்டும் வேலை செய்த நிகழ்ச்சியும் நம் ஊரிலேயே உண்டு. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, அரசுக் கட்டடங்கள் தாக்கப்பட்டன, மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். ஆங்கிலேய அரசு அதற்கு வைத்த பெயர் கலகம். நாம் வைத்த பெயர் திருநெல்வேலி எழுச்சி. அன்று கேமரா இருந்து, எரியும் கிடங்கை மட்டும் ஒருவர் எடுத்திருந்தால், 'எழுச்சி' என்ற சொல் இவ்வளவு எளிதாக நின்றிருக்குமா என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

செய்தி ஓர் ஆளின் துயரத்தை மட்டும் காட்டினால் பார்வையாளர்கள் அந்த ஆளையே பொறுப்பாக்குகிறார்கள் என்றும், அந்தத் துயரத்தின் பின்னணியைக் காட்டினால் அரசையும் சமூகத்தையும் பொறுப்பாக்குகிறார்கள் என்றும், அரசியல் அறிவியலாளர் சாந்தோ ஐயங்கார் தொலைக்காட்சிச் செய்திகளை வைத்துச் செய்த சோதனைகள் காட்டின. அந்த நாங்குநேரி அம்மா என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

ஏழாம் படி: படத்துக்காகவே நடந்ததா என்று பாருங்கள், ஆனால் அதனால் இகழாதீர்கள்

குடத்தை உயர்த்தச் சொன்னது புகைப்படக்காரர் என்பதால் குடம் நிறைந்துவிடாது. போராடுபவர்களுக்கும் கேமராவின் மொழி தெரியும்; சேற்றில் நாற்று நடுவது, பாடை கட்டுவது, திருவோடு ஏந்துவது, வாயில் கறுப்புத் துணி கட்டுவது எல்லாமே ஒரு படத்துக்குள் கோரிக்கையை அடக்கும் கலை. 2012 இல் மத்தியப் பிரதேசத்தின் கோகல்காவ் மக்கள், ஓங்காரேசுவர் அணையின் நீர்மட்டத்தை உயர்த்தியதை எதிர்த்துப் பதினேழு நாட்கள் நீருக்குள் நின்றார்கள்; அவர்கள் கோரிக்கையை அரசு ஏற்ற நாள் செப்டம்பர் 10. இடிந்தகரையில் கண்ணீர்ப்புகை வீசப்பட்டதும் அதே நாளில்தான். மூன்று நாள் கழித்து இடிந்தகரை மக்கள் கடலில் இறங்கிக் கைகோத்து நின்றார்கள். நர்மதைக் கரையின் படம் மன்னார் வளைகுடாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. 10 ஆம் தேதி விரட்டப்பட்டுக் கடலுக்குள் ஓடியவர்களாகத் தெரிந்தவர்கள், 13 ஆம் தேதி தாங்களாகவே கடலுக்குள் சென்றவர்களாகத் தெரிந்தார்கள். கடல் ஒன்றே, படத்தின் பொருளைப் பறித்தெடுத்துத் தம் கைக்குக் கொண்டுவந்தது அவர்கள் திறமை.

எட்டாம் படி: படம் உண்மையானதா?

கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற கருவிகளில் படத்தைப் போட்டால், அது முன்பு எங்கே வந்தது என்று தெரியும். பழைய படத்தைப் புதிய போராட்டத்துக்கு ஒட்டும் மோசடிகளில் பெரும்பாலானவை இதிலேயே அகப்பட்டுவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில், எடுத்த நேரமும் இடமும் பற்றிய உள்விவரங்கள் நீங்கிவிடும் என்பதால், அங்கே தேடிப் பயனில்லை. கருவியைவிட உள்ளூர் அறிவு பல நேரம் விரைவாக உதவும். வண்டி எண்ணைப் பாருங்கள்: டி.என். 72 என்றால் திருநெல்வேலி, 69 தூத்துக்குடி, 74 நாகர்கோவில், 76 தென்காசி. கடைப் பெயர்ப்பலகையையும், அரசுப் பேருந்தின் நிறத்தையும், வயலில் நிற்பது நாற்றா கதிரா என்பதையும், தூரத்தில் மலை எந்தப் பக்கம் தெரிகிறது என்பதையும் பாருங்கள். மேற்கே மலை இருக்க வேண்டிய ஊரில் கிழக்கே மலை தெரிந்தால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்த பின் முகமே மாறிவிடுகிறது. 2023 மே 28 அன்று டெல்லியில் கைது செய்யப்பட்டு வாகனத்தில் கொண்டுபோகப்பட்ட மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகாட், சங்கீதா போகாட் இருவரும் சிரிப்பதுபோல் ஒரு படம் பரவியது. அசல் படத்தில் அவர்கள் சிரிக்கவில்லை, செயலி ஒன்றால் சிரிப்பை வரைந்திருந்தார்கள். போராட்டத்தையே நாடகமாக்க ஒரு புன்னகை போதுமாக இருந்தது. ஆகவே கை விரல்களையும் எழுத்துகளையும் மட்டும் சோதித்தால் போதாது. ஒரே நிகழ்ச்சியை வேறு எவராவது வேறு கோணத்தில் எடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். நூறு கைப்பேசிகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு படம்தான் கிடைக்கிறது என்றால் சற்றுப் பொறுங்கள்.

ஒன்பதாம் படி: பகிர்வதற்கு முன்

கூடங்குளம் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானோர்மீது வழக்குகள் பதிவாயின. நீங்கள் பெருமையோடு பகிரும் முகம், காவல் நிலையக் கோப்பில் அடையாளமாக மாறக்கூடும்; கூட்டத்தில் நின்ற தனி ஆளின் முகத்தை மங்கலாக்கிவிட்டே அனுப்புங்கள். குழந்தைகளைப் பொறுத்தவரை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமையால் இதே ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்கிரையான படங்கள் சில மணி நேரத்தில் தமிழ்நாடு முழுவதும் போயின. கந்துவட்டியைப் பற்றி மாநிலமே பேசியது என்பது உண்மை. இரண்டு பிஞ்சுகளின் கடைசி நிமிடம் இன்றும் தேடினால் கிடைக்கிறது என்பதும் உண்மை. செய்தியை எழுத்தில் சொன்னாலே அதன் கனம் குறையாது என்பதே என் கருத்து. அந்தப் படத்தை நான் ஒருவருக்கும் அனுப்பியதில்லை, அனுப்பியவர்களிடம் அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பயிற்சி

குறைதீர்க்கும் நாளின் படங்கள் செவ்வாய்க்கிழமை நாளிதழ்களில் வரும். அன்று காலை பாளையங்கோட்டைச் சந்தைப் பக்கத்திலோ ஜங்ஷனிலோ மூன்று நாளிதழ்கள் வாங்கி, மாவட்டப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே போராட்டத்தின் படம் இரண்டில் வந்திருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். படக்குறிப்பை மறைத்து, தெரிவதை எழுதி, ஒரு வெள்ளைத் தாளில் ஆட்சியர் அலுவலக வாசலை வரைந்து, இரண்டு கேமராக்களும் நின்ற இடத்தைப் புள்ளியிட்டுக் குறியுங்கள். பிறகு படக்குறிப்புகளைத் திறந்து வினைச்சொற்களை வட்டமிடுங்கள். நான்கைந்து வாரம் இப்படிச் செய்த பின், ஒரு திங்கட்கிழமை நீங்களே அந்த வாசலுக்குப் போய், குடங்கள் இறங்கிய பிறகும் நின்று, மனு வரிசையின் கடைசி ஆள் ரசீது வாங்கும் வரை இருந்து, அங்கிருந்து ஒரு படம் எடுத்து வாருங்கள். மறுநாள் நாளிதழில் வரும் படத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டி வையுங்கள்.